அறுபது இரவு விலையுள்ள கம்ப்யூட்டர்

வேலை செய்யும் இடத்தில் அவளை எல்லோரும் நிதானக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட. ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமில் பன்னிரண்டு வருஷமாக போன் எடுக்கிறாள். மறுமுனையில் அலறுவார்கள், அழுவார்கள், அவளையே திட்டுவார்கள், சிலர் பேச்சு வராமல் மூச்சு மட்டும் விடுவார்கள். இவள் குரல் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. "சரி. நான் லைன்ல இருக்கேன். நீங்க இப்ப எங்க இருக்கீங்க?" என்று கேட்பாள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு மேலதிகாரி அவள் பேசிய பதிவுகளைத்தான் போட்டுக் காட்டுவார். அதற்காகச் சம்பளத்தில் ஒரு காசு ஏற்றினாரா என்றால், இல்லை.

வீட்டுக்கு வந்தாலும் அழைப்புதான். "அம்மா, என் சாக்ஸ் எங்க?" என்பாள் பதினோரு வயது மகள், அந்த சாக்ஸைப் பாதி மாட்டிய காலோடு நின்றுகொண்டே. "அம்மாடி!" என்பார் மாமனார். அவருக்குக் காது மந்தம். தனக்குக் கேட்காதது மற்றவர்களுக்கும் கேட்காது என்று முடிவுகட்டி, ஒவ்வொரு வார்த்தையையும் கத்தித்தான் சொல்லுவார். ரிமோட்டைக் காணோம், கண்ணாடியைக் காணோம், யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது, தட்டாத மாதிரியும் இருக்கிறது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் குளியலறையில் துண்டு இல்லையென்றால் அவருக்கும் அவள் ஞாபகம்தான் வரும். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துப் பழகிய உடம்பு அவளுடையது. யார் கூப்பிட்டாலும் அதுபாட்டுக்கு எழுந்து போய்விடும்.

அந்த வீடியோவை அவள் பார்த்தது கண் டாக்டரின் வரவேற்பறையில். மகளின் முறை வரும்வரை போனைத் தடவிக்கொண்டிருந்தபோது அது தானாக ஓட ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் விளையாட்டுதான், ஆனால் அதில் சுடுவதும் இல்லை, வெட்டுவதும் இல்லை. ஒரு லாரி. யாரோ ஒருவன் சரக்கை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறான். மழை பெய்கிறது, வைப்பர் அசைகிறது. சிக்னலில் நிற்கிறான், பச்சை விழுந்ததும் கிளம்புகிறான். நாற்பது நிமிடம் வேறு எதுவுமே நடக்கவில்லை. யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அத்தனை நீளச் சாலையில் ஒருவர்கூட அடிபட்டுக் கிடக்கவில்லை. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். "பதினாலாம் நம்பர்" என்று நர்ஸ் மூன்று தடவை கூப்பிட்டது காதில் விழவே இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் அவள் எடுக்காமல் விட்ட முதல் அழைப்பு அது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். அந்த லாரி, அந்த மழை, காதில் ஹெட்போன். யாரும் கூப்பிடக் கூடாது. நகை கேட்கவில்லை, சுற்றுலா கேட்கவில்லை, இது மட்டும் வேண்டும். இது கிடைக்காவிட்டால் ஒருநாள் வேலையில் போனை எடுத்து, எதிர்முனையில் அலறுகிறவரோடு சேர்ந்து தானும் அலறிவிடுவோம் என்று அவளுக்கு நிஜமாகவே பயம் வந்திருந்தது.

வீட்டில் கிடந்த பழைய லேப்டாப்பில் அந்த விளையாட்டை ஏற்றிப் பார்த்தாள். லாரி இரண்டடி நகர்ந்தது, நின்றது, லேப்டாப் தொட முடியாமல் கொதித்தது. கடையில் தயாராக வைத்திருப்பதை விலை கேட்டுவிட்டு, தொட்ட கையை எடுத்துக்கொண்டாள். பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே கோத்தால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்று எங்கோ படித்தாள். சரி, கோத்துவிடுவோம் என்று இறங்கினாள்.

பணத்துக்கு ஒரே வழிதான் இருந்தது. முறைக்கு மேல் இரவு ஷிஃப்ட் பார்த்தால் அதற்குத் தனியாகப் படி உண்டு. அந்தப் படியை வீட்டுச் செலவில் கலக்காமல் தனியாகப் போட்டு வைத்தாள். அன்றிலிருந்து அவளுக்கு எந்தப் பொருளும் பணமாகத் தெரியவில்லை, இரவாகத்தான் தெரிந்தது. படத்தைத் திரைக்கு அனுப்புகிற கிராஃபிக்ஸ் கார்டு இருபது இரவு. ப்ராசஸர் பதின்மூன்று. மதர்போர்டு எட்டு. பவர் சப்ளை ஐந்து. ராம், எஸ்எஸ்டி, எல்லாவற்றையும் உள்ளே மாட்டுகிற பெட்டியான கேபினட் ஒவ்வொன்றும் நாலு நாலு. யாரோ அலுவலகத்தை மூடிவிட்டு விற்ற பழைய மானிட்டர் மூன்று. கையிலோ அறுபது இரவுக்கு மேல் தேறாது. உடம்பு அதற்கு மேல் தாங்காது என்பது அவளுக்கே தெரியும்.

டீ இடைவேளைகளில் படித்தாள். இந்த விஷயத்துக்கென்றே இணையத்தில் சண்டை போட ஒரு கூட்டம் இருக்கிறது. ஒருவர் ஒரு ப்ராசஸரை நல்லது என்று சொல்லிவிட்டால் போதும், அடுத்தவர் வந்து அவருடைய பரம்பரையையே இழுப்பார். ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவரிடமிருந்தே தெருப்பெயரையும் வீட்டு எண்ணையும் வாங்கத் தெரிந்தவளுக்கு, இவர்களிடமிருந்து விவரத்தை வாங்கத் தெரியாதா? ப்ராசஸரும் மதர்போர்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும் வகையாக இருக்க வேண்டும். கார்டின் நீளம் கேபினட்டுக்குள் அடங்க வேண்டும். ராமை ஒரே துண்டாகப் போடுவதைவிட இரண்டாகப் போட்டால் நல்லது. எல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏறியது. நுணுக்கி நுணுக்கி எழுதி, அடித்து, மறுபடி எழுதி, அந்தப் பக்கம் கிழிகிற நிலைக்கு வந்துவிட்டது.

கணக்கு ஒரே ஒரு இரவு வித்தியாசத்தில் உதைத்தது, அறுபத்தொன்று வந்தது. ஒரே ப்ராசஸரில் இரண்டு வகை உண்டு என்று அப்போதுதான் படித்தாள். ஒன்று, கார்டு இல்லாவிட்டாலும் படத்தைத் தானே திரைக்கு அனுப்பும். இன்னொன்று அனுப்பாது, கார்டு இருந்தால்தான் உண்டு. அது இரண்டு இரவு மலிவு. எப்படியும் கார்டு வாங்கத்தானே போகிறோம் என்று மலிவானதை எடுத்தாள். சண்டைக்காரர்கள் ஒருவர் விடாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயமும் அதுதான்.

பதினான்கு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு பெட்டியாக வந்து பீரோவின் தலையில் ஏறியது. படுக்கையறையில் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், கதவிலிருந்து பார்த்தால் நாற்காலியின் முதுகு மட்டும் தெரிகிற மூலையில், ஒரு மடக்கு மேஜையைப் போட்டாள். சுவரில் ஒரு தாளை ஒட்டினாள்: 'ஹெட்போன் போட்டிருந்தால் ஒரு மணி நேரம் கூப்பிட வேண்டாம். வீடு தீப்பிடித்தால் தவிர.' மாமனார் அதைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "கேஸ் கசிஞ்சா?" என்று கேட்டார். "அப்பவும் கூப்பிடலாம் மாமா" என்றாள்.

கடைசியாக இரண்டு பொருள் பாக்கி. பவர் சப்ளை, கார்டு. கார்டுக்குத் தள்ளுபடி வியாழக்கிழமையோடு முடிகிறது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை அவளுக்குப் பகல் ஷிஃப்ட். கணவருக்கு அன்று விடுமுறை. இருபத்தைந்து இரவுப் பணத்தையும் ஒரு சீட்டையும் அவர் கையில் கொடுத்தாள். பொருளின் பெயர், எண், வாட் எல்லாம் கொட்டை எழுத்தில் எழுதிய சீட்டு. குழந்தைகூட வாங்கி வந்துவிடும்.

மாலையில் அவள் வந்தபோது மேஜைமேல் ஒரே ஒரு பெட்டி இருந்தது. பெரிய பெட்டி.

"என்னங்க இது?"

"பவர் சப்ளை. ஆயிரம் வாட்!" அவர் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"நான் ஐநூத்தம்பதுன்னுதானே எழுதியிருந்தேன்."

"பார்த்தேன். எல்லாத்தையும் கூட்டினா முந்நூறு வாட் இழுக்கும்னு கடைக்காரரே சொன்னாரு. அதுக்கு ஐநூத்தம்பது எப்படிப் போதும்? ரெண்டு மடங்குகூட வரல. லிஃப்ட் கயிறுக்குப் பன்னெண்டு மடங்கு வெச்சுத்தான் கணக்குப் போடுவோம், தெரியுமா?"

"இதுல யாரும் ஏறிப் போகப் போறதில்லங்க."

"நீதானே உக்காரப் போற?"

"கார்டு எங்க?" என்று கேட்டாள்.

"மிச்சக் காசுக்கு அது வரல. மெதுவா வாங்கிக்கலாமே. படம் காட்டற சாமான்தானே அது? கரண்ட் வர்ற இடத்துலதான் கஞ்சத்தனம் கூடாது. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு ஏழு தடவை போன் பண்ணினேன். நீ எடுக்கல."

ஷிஃப்டில் சொந்த போன் லாக்கருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஊரில் யார் கூப்பிட்டாலும் எடுக்கிறவள், வீட்டுக்காரர் கூப்பிட்ட ஏழு தடவையும் எடுக்கவில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"சீல் பிரிச்சிருக்கே?"

"பின்ன? டெஸ்ட் பண்ணாம எதையாவது மாட்டுவாங்களா? மீட்டர் வெச்சு ஒவ்வொரு லைனாப் பார்த்துட்டேன். பன்னெண்டு வோல்ட்னா சுத்தமா பன்னெண்டு!"

பெட்டியில் ஒட்டியிருந்த விலை பத்தொன்பது இரவு. மனசுக்குள் அந்த எண் மட்டும் நின்றது. மிச்சம் ஆறு.

"சரி. புரியுது. பில் எங்க வெச்சிருக்கீங்க?" என்றாள்.

அவர் முகம் சுருங்கியது. "கன்ட்ரோல் ரூம் குரல்ல பேசாதே. திட்டணும்னா திட்டிடு."

திட்டத்தான் நினைத்தாள். ஆனால் பன்னிரண்டு வருஷம் அடக்கி வைத்த குரல், வேண்டும் என்னும்போது எழுந்து வரவில்லை. போதாக்குறைக்கு அவர்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஏதோ ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் கயிறு அறுந்திருக்கிறது. என்ன நடந்தது என்று இத்தனை வருஷத்தில் அவர் முழுதாகச் சொன்னதில்லை. "அங்க செலவு பார்த்தாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அந்த மனிதரிடம் ஐநூற்றைம்பது என்று எழுதிக் கொடுத்து அனுப்பியது தன் தப்போ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. இப்படி எல்லோர் பக்கத்தையும் பார்த்துப் பார்த்தே மனுஷிக்கு அலுத்துவிட்டது.

மறுநாள் கடைக்குப் போனாள். கடைக்காரர் கிழிந்த சீலைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "மேடம், சீல் உடைஞ்சா என் கூடப்பிறந்தவனே வந்தாலும் திரும்ப எடுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு, நல்ல சரக்கு. உங்க கம்ப்யூட்டர் செத்தாலும் இது சாகாது."

"அவ்வளவு நாள் நான் இருக்கணுமே" என்றாள்.

ஆறு இரவுக்கு ஒரு பழைய கார்டு இருந்தது. அவள் சொன்ன லாரியை அது இழுக்காது என்று அவரே ஒத்துக்கொண்டார். அடுத்த வாரம் வந்து சொல்கிறேன் என்று திரும்பினாள். அந்த அடுத்த வாரத்துக்குள் மாமனாரின் கடைவாய்ப்பல் உடைந்தது. ஆறு இரவும் அதோடு சரி. கார்டுக்கு இனி முழுசாக இருபது இரவு வேண்டும். மாதம் நாலு என்று போட்டாலும் ஐந்து மாதம். நோட்டின் கடைசிப் பக்கத்தை அவள் மூடி வைத்துவிட்டாள்.

இருந்தாலும் வாங்கியதைப் பெட்டியிலேயே போட்டு வைக்க மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஜைமேல் எல்லாவற்றையும் பரப்பி உட்கார்ந்தாள். ப்ராசஸரை அதன் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். ராம் இரண்டும் டக் டக் என்று உட்கார்ந்தன. பவர் சப்ளையின் வயர்கள் பாதிக்கு மேல் போக இடமில்லாமல் கேபினட்டுக்குள் சுருண்டு கிடந்தன. நாலு மணி நேரம் கழித்து சுவிட்சைப் போட்டாள். விசிறிகள் ஒரே மூச்சில் சுழன்றன, விளக்கெல்லாம் எரிந்தது. எல்லாம் சரி. திரையில் மட்டும் 'சிக்னல் இல்லை' என்று ஒரு வரி வந்து, அதுவும் அணைந்து, கறுப்பாகிவிட்டது.

வராது என்று தெரிந்துதான் போட்டாள். இருந்தாலும் மானிட்டரின் வயரைக் கழற்றி மறுபடி ஒரு தடவை மாட்டிப் பார்த்தாள்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்ததும், விசிறி சரியாக ஓடுகிறதா என்று இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். ஹெட்போன் மேஜையில் கிடந்தது. எடுத்து மாட்டினாள், எதற்கென்று இல்லை, சும்மா.

"அம்மா, என்னோட..." என்று மகளின் குரல் கதவு வரை வந்து நின்றது. பிறகு ஹாலில் கேட்டது. "தாத்தா, அம்மா விளையாடறாங்க. கூப்பிடாதீங்க."

"என்னது?"

"கூப்பிடாதீங்க!"

"யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல தாத்தா!"

"அப்புறம் ஏன் கத்தற?"

அதற்குப் பிறகு வீட்டில் சத்தமே இல்லை. எழுந்து போய், இல்லைடி, இது இன்னும் ஓடவில்லை என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சொல்லவில்லை. விசிறியின் முனகல் மட்டும் காதோரம் இருந்தது. கறுப்புத் திரைக்கு முன்னால் ஒரு மணி நேரம் முழுசாக உட்கார்ந்திருந்தாள். எழுந்தபோது தோள்பட்டை இறங்கியிருந்தது.

அன்றிலிருந்து தினமும் அதுவே வழக்கமாயிற்று. சுவிட்சைப் போடுவாள், ஹெட்போனை மாட்டுவாள், கறுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் கண்ணை மூடி அந்த மழைச் சாலையை நினைத்துக்கொள்வாள். பல நாள் அதுகூடக் கிடையாது. எல்லோரையும் ஏமாற்றுகிறோமே என்று உறுத்தத்தான் செய்தது. ஆனால் அந்த உறுத்தல் உட்கார்ந்திருக்கும்போது வராது, எழுந்த பிறகுதான் வரும்.

"இன்னைக்கு எவ்வளவு தூரம் போனீங்கம்மா?" என்று மகள் கேட்பாள்.

"இன்னும் வழியிலதான் இருக்கேன்."

ஒருநாள் சாப்பிடும்போது கணவர் தலையை நிமிர்த்தினார். "கார்டு இல்லாமலே ஓடுதா?"

"ம்."

"மெதுவாவா?"

"மெதுவாத்தான்."

அந்தச் சமயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கோ லிஃப்ட் நின்றுவிட்டது என்பார், போய்விட்டு இருட்டும் நேரத்துக்கு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வருவார். ஏன் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் லிஃப்ட் நிற்கிறது என்று கேட்க அவளுக்குத் தெம்பில்லை. அவரவர் அலுப்பு அவரவருக்கு.

இப்படி இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியிருக்கும். அன்றைக்கு வேலையில் மோசமான நாள். ஒரு பெண் விலாசம் சொல்வதற்குள் லைனிலேயே பேச்சு நின்றுபோய், வண்டியை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் பதினோரு நிமிடம் தேடினார்கள். கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்கள், அந்தப் பெண் பிழைத்தும்விட்டாள். ஆனால் அந்தப் பதினோரு நிமிடமும் "நான் லைன்ல இருக்கேன், நான் லைன்ல இருக்கேன்" என்று பதில் இல்லாத போனில் சொல்லிக்கொண்டே இருந்தது நிதானக்காதான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியவள் யார் முகத்தையும் பார்க்காமல் நேராக மூலைக்குப் போய் உட்கார்ந்தாள்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். கறுப்புத் திரையில் ஏதோ அசைந்தது. பீரோவைத் தாண்டி, அவள் நாற்காலிக்குப் பின்னால் கணவர் வந்து நின்றிருந்தார். எப்போதும் கதவோடு நின்றுவிடுகிறவர் அன்று உள்ளே வந்துவிட்டார். நிழல் மாதிரிதான் தெரிந்தார், ஆனால் அவர் கையில் இருந்த பெட்டி நன்றாகத் தெரிந்தது. அவள் நோட்டில் எழுதி வைத்திருந்த அதே கார்டு. பெட்டியின் ஓரத்தில் சீல் பளபளவென்று அப்படியே இருந்தது. மீட்டர் வைக்காமல் ஒரு பல்பைக்கூட மாட்டாத மனிதர், அதைப் பிரிக்காமல் கொண்டுவந்திருந்தார்.

அவர் திரையைப் பார்த்தார். மெதுவாக ஓடவில்லை, எதுவுமே ஓடவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. ஹெட்போனைப் பார்த்தார். அவளுடைய பின்னந்தலையைப் பார்த்தார். இத்தனை நாளும் இவள் எதை ஓட்டிக்கொண்டிருந்தாள் என்று கணக்குப் போடுகிறவர்போல நின்றார். பிறகு அவர் வாய் திறந்தது. கூப்பிடப் போகிறார் என்று அவள் உடம்பு அதுபாட்டுக்கு எழத் தயாரானது.

அவர் கண் சுவரில் இருந்த தாளுக்குப் போனது. வாயை மூடிக்கொண்டார். சத்தம் வராமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தார்.

அவளுக்கு அழுகை வந்தது. துடைக்கவில்லை. திரும்பவும் இல்லை.

"அம்மாடி!" ஹாலிலிருந்து மாமனாரின் குரல் வந்தது. பாவம், அன்றைக்கு மறந்துவிட்டார் போல. "அம்மாடி, ரிமோட்டைக் காணோம்!"

அவள் பாதம் தரையில் ஊன்றிவிட்டது. அதற்குள் கட்டில் கிறீச்சிட்டது. கணவர் எழுந்து, பெட்டியைத் தலையணைமேல் வைத்துவிட்டு, பூனை நடையாகக் கதவுவரை போவது திரையில் தெரிந்தது.

"கத்தாதீங்கப்பா" என்று அவர் ஹாலில் சொல்வது ஹெட்போனையும் தாண்டிக் கேட்டது. "என்ன வேணும்? நான் வரேன்."

கடிகாரத்தில் இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அவள் பாதத்தைத் திரும்ப நாற்காலியின் கம்பிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.